கரை என்று முடிந்த வெண்பா

யுத்தகாலம். எங்களுக்குக் கலியாணம் முடிந்த புதிது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நெல் ஏற்றிக்கொண்டு நானும் மனைவியும் ஆளுக்கொரு தோணியில் மறுகரைக்குக் கடந்துகொண்டிருந்தோம். வழக்கம்போல அந்தாதி விளையாட்டு. ஒருவர் பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ, அதே சொல்லில் மற்றவர் தொடங்க வேண்டும். நான் வெண்பா சொல்வேன். அவள் விருத்தமாக இழுத்துப் பாடுவாள்.

நடு வாவியில் மழை இறங்கி அவள் தோணியை மறைத்துவிட்டது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்திருந்த நாட்கள். நீரோட்டம் இழுத்தால் கடல்தான். நான் கூப்பிட, அதே நேரம் அவளும் கூப்பிட, குரல் எந்தப் பக்கம் என்று விளங்கவில்லை. சட்டென்று ஒரு வெண்பாவைத் தொடங்கினேன். அவள் வாய்மூடிக் கேட்டிருந்து, என் கடைசிச் சொல்லிலேயே பாட்டெடுத்தாள். அந்தக் குரலைப் பிடித்துத் தோணியைத் திருப்பினேன்.

என் அடுத்த வெண்பா ‘கரை’ என்று முடிந்தது. பதில் இல்லை. திரும்பச் சொன்னேன். மழைச் சத்தம் மட்டும்தான்.

“புள்ள!” என்று அலறினேன்.

மிக அருகில் கோபமாக ஒரு குரல்: “கொஞ்சம் இரிங்க மச்சான்! கரை எண்டு தொடங்கிற பாட்டு ஒண்டும் வருகுதில்ல. யோசிக்க விடுங்க!”

பாட்டு முடிந்தபின் வரும் அமைதிக்கு அன்றிலிருந்து பயப்படுகிறேன். இப்போதும் வீட்டில் அந்தாதி விளையாடும்போது அவள் பதில் தாமதித்தால் பதறி எழுந்து போய்ப் பார்ப்பேன். அவள் கூரையைப் பார்த்தபடி சொல் தேடிக்கொண்டிருப்பாள்.