அறுபத்தொன்பதில் ஆவடியில் டி.வி. கிடையாது

டி.வி. மெக்கானிக் வேலையில் பெட்டியைச் சரி செய்வது பாதி. பெட்டிக்காரர் விடும் கதையைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பது மீதி.

ஆவடி மார்க்கெட் பக்கம் நாற்பது வருஷம் கடை வைத்திருந்தேன். இப்போது வருகிற தட்டை டி.வி. கெட்டால் யாரும் திறந்து பார்ப்பதில்லை. பேனலை மாற்று, இல்லை தூக்கிப் போடு. கடையை மூடிவிட்டேன். வருத்தம் ஒன்றும் இல்லை. கதைகள் மட்டும் மூடவில்லை. ரேஷன் கடை வரிசை, ரயில் நிலையம், கல்யாணப் பந்தி, எங்கே போனாலும் என் வயசுக்காரர் ஒருத்தர் தோளைப் பிடித்துச் சொல்கிறார்: நிலாவில் முதன்முதலாக ஆள் இறங்கினதை அவர் டி.வி.யில் பார்த்தாராம்.

ஆள் இறங்கினது அறுபத்தொன்பது ஜூலை. மெட்ராசுக்கு டி.வி. நிலையம் வந்தது எழுபத்தைந்தில். நடுவில் ஆறு வருஷம் இருக்கிறது. டில்லிக்காரன் பார்த்தேன் என்றால்கூடக் கொஞ்சம் யோசிப்பேன்; அங்கே மட்டும் ஒரு நிலையம் இருந்தது. பட்டாபிராமில் பார்த்தேன் என்றால் எப்படி? என்னைப் போல சால்டரிங் பிடித்து விரல் சுட்டுக்கொண்டவர்களே, உங்களிடமும் இதைச் சொல்லியிருப்பார்கள். கூலி கைக்கு வரட்டும் என்று தலையாட்டியிருப்பீர்கள். நான் ஆட்டியதில்லை. ஆட்டாததால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

பின்மூடி

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பெட்டியைத் திறந்து வேலை பார்த்தால், பின்மூடியின் உள்பக்கம் பென்சிலால் தேதி எழுதுவோம். என்ன மாற்றினோம் என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. அடுத்து திறப்பவனுக்கு அதுதான் பெட்டியின் ஜாதகம். திறந்து பார்க்காத பெட்டியில் எவனும் எழுத மாட்டான்.

பட்டாபிராமில் ஒரு அரிசி மண்டிக்காரர். ஷட்டர் கதவு வைத்த மரப்பெட்டி. இதில்தான் நிலா பார்த்தேன், எப்படியாவது ஓட வை என்றார். மூடியைக் கழற்றினேன். உள்ளே என் எழுத்து. புதுப்பெட்டி, திறந்து பார்த்து ஆன்டெனா கட்டிக் கொடுத்தது, வருஷம் எண்பத்து மூன்று. டார்ச் அடித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மூடியைத் திருப்பி என் கையில் கொடுத்தார்.

"தேதி நீ எழுதினது நைனா. நிலா நான் பாத்தது. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

மொட்டைமாடி

நெமிலிச்சேரியில் பூ வியாபாரம் செய்த ஒரு அம்மா. அவர் வீட்டுக்காரர் மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பினாராம். இவர் கீழே இருந்து வந்துச்சு, போச்சு என்று கத்தினாராம். மேலே நிஜ நிலா, கீழே பெட்டியில் நிலா, ஒரே நேரத்தில் இரண்டையும் பார்த்த குடும்பம் தாங்கள் மட்டும்தான் என்றார். அன்றைக்கு அந்த ஆள் நிலாவில் கால் வைத்தபோது நம் ஊரில் திங்கட்கிழமை காலை எட்டரை மணி. வெயில் ஏறியிருக்கும். அதைச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலைல எட்டரைக்கு எங்க ஊட்டுக்காரரு பாயவுட்டே எந்திரிக்க மாட்டாரு. மாடிக்குப் போனாருல்ல? அப்போ அது ராத்திரிதான், போ."

கலர்

அண்ணனூர் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர் ஒருத்தர், கலரில் பார்த்தேன் என்றார். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தேன். கலர் இங்கே வந்தது எண்பத்திரண்டுக்குப் பிறகு. நிலாவில் நடந்தது உலகம் முழுக்கவே கறுப்பு வெள்ளையில்தான் வந்தது என்றேன். அவர் அசரவில்லை. என் பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டார்.

"மண்ணு சாம்பலு, சட்டை வெள்ளை, வானம் கறுப்பு. அங்க கீறதே அவ்ளோதான் மாமே. நீ இன்னா பச்சை, சேப்பு கேக்கறியா?"

என் கதை

நீ எங்கே இருந்தாய் என்று கேட்பீர்கள். மறைக்க ஒன்றும் இல்லை. எனக்குப் பதினேழு வயசு. வெள்ளானூரிலிருந்து அம்பத்தூர் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு சைக்கிளில் போவேன். அன்று காலை ஆவடியில் ஒரு டீக்கடை வாசலில் கூட்டம். ரேடியோவில் செய்தி. சைக்கிளை நிறுத்திக் கேட்டேன். எதையும் பார்க்கவில்லை. ஒருத்தர் முதுகையும் ஒரு பால் கேனையும்தான் பார்த்தேன். செய்தி முடிந்து வேகமாக மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு தொடங்கி வெகு நேரம் ஆகியிருந்தது. வாத்தியாரிடம் காரணத்தைச் சொன்னேன். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நிற்க வைத்தார்.

"அவன் நிலாவுக்கே நேரத்துக்குப் போய்ச் சேந்துட்டான். வெள்ளானூர்ல இருந்து அம்பத்தூர் வர ஒனக்கு லேட்டாவுதா?"

பட்டியல்

இனிதான் வம்பு. எங்கள் வெள்ளானூரில் வயல் எல்லாம் மனையாகி, நகர் என்று பெயர் வைத்து, அதற்கு நலச் சங்கமும் வந்துவிட்டது. நம் நாட்டுக் கலம் நிலாவில் இறங்கிய நாளைக் கொண்டாடுவது என்று சங்கம் முடிவு செய்தது. அதோடு, அந்தக் காலத்து முதல் இறக்கத்தை டி.வி.யில் பார்த்த பெரியவர்களுக்கு மேடையில் சால்வை. பட்டியலில் பதினொரு பேர். சங்கச் செயலாளர் பட்டியலோடு என் வீட்டுக்கு வந்தார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஆள், எதையும் கையெழுத்து இல்லாமல் செய்ய மாட்டார். இந்த வட்டாரத்தில் எல்லார் வீட்டு டி.வி.யும் தெரிந்தவர் நீங்கள், அடியில் 'உண்மை' என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

முடியாது என்றேன். பதினொரு பேரும் பார்க்கவில்லை என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்பேன், யோசித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுச் செயலாளர் எழுந்தார். செருப்பை மாட்டும்போது திரும்பினார்.

"யாருக்கு என்ன சார் நஷ்டம்? சால்வைகூட ஏற்கெனவே வாங்கியாச்சு."

கடிதம்

பட்டியலில் முதல் பெயர் தட்சிணாமூர்த்தி. என் சிநேகிதர். மன்னார்குடிப் பக்கம். ஆவடி ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் காலம் தள்ளி, ஓய்வு பெற்றபின் என் பேச்சைக் கேட்டு வெள்ளானூரில் மனை வாங்கியவர். முப்பது வருஷமாகச் சாயங்காலம் என் கடையில்தான் உட்கார்வார். கடை மூடினபின் என் வீட்டில். இந்த நிலாக் கதையை மட்டும் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்ல மாட்டார். நான் யார் என்று தெரியும்.

சனிக்கிழமை வந்தார். உட்காரவில்லை. அறுபத்தொன்பதில் அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். வருங்கால மாமனாருக்கு ஒரு கடிதம் எழுதினாராம். இங்கே டெலிவிஷன் இருக்கிறது, நிலாவில் ஆள் நடந்ததைப் பார்த்தேன் என்று ஒரு வரி. மாமனார் அதை ஊரையே கூட்டிப் படித்துக் காட்டினாராம். இப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை எங்கே கிடைப்பான் என்று பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

"கமலா இன்னிக்கும் அதைப் பெருமையா சொல்லிக்கிட்டிருக்கா. நாளைக்கு முன்வரிசையில உக்காந்திருப்பா. அவ எதிர்க்க என்னைப் பொய்யன்னு ஆக்கிப்பிடாத" என்றார்.

"உங்க பேரை எடுத்துடுங்க. நான் வாயே தொறக்கல."

"எடுத்தா ஏன்னு கேப்பாளே."

"அப்போ கையெழுத்து மட்டும் என்னால ஆவாது."

வாசல் வரை போய்விட்டுச் சொன்னார்.

"நாளைக்கு நீ வாயைத் தொறந்தா நம்ம சிநேகம் அதோட சரி. ஒன்னோட எப்படித்தான் முப்பது வருஷம் டீ குடிச்சேனோ."

கூட்டம்

வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. போகாமல் இருந்தால் அதுவும் ஒரு கையெழுத்துதான். போனேன். சங்கக் கட்டடத்தில் நாற்பது நாற்காலி. பட்டியலைப் படித்துவிட்டுச் செயலாளர் பேனாவை என் பக்கம் நீட்டினார். எழுந்தேன். திறந்து பார்க்காத பெட்டியில் நான் தேதி எழுதினதில்லை, அறுபத்தொன்பதில் இங்கே டி.வி.யே கிடையாது, இவர்கள் யாரும் பார்க்கவில்லை என்றேன். அவ்வளவுதான். ஒரே கூச்சல். வயசானவங்க சந்தோஷத்தில் மண்ணைப் போடுகிறான் என்றது ஒரு குரல். பட்டாபிராம் மண்டிக்காரர்கூட எங்கள் நகரில் மனை வாங்கி, பட்டியலில் ஏறியிருந்தார். அவர்தான் அதிகம் கத்தினார். தட்சிணாமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

முன்வரிசையில் கமலா எழுந்தார். என்னைத் திட்டத்தான் என்று நினைத்தேன்.

"அண்ணன் சொல்றது சரி. இவரு பாக்கல. எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். கூச்சல் அடங்கியது. "எழுபத்தெட்டுல எங்களுக்கு முதல் டி.வி. வந்துச்சு. அண்ணன்தான் மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு. இவரு சுவிட்சைப் போட்டாரு. அந்தக் காலத்துப் பெட்டி, சூடாகிப் படம் வர அரை நிமிஷம் ஆகுமில்ல? அதுக்குள்ள கெட்டுப்போச்சுன்னு பயந்து, சட்டைகூடப் போடாம அண்ணனைக் கூப்பிட சைக்கிள்ல ஓடினாரு. முன்னப் பின்ன டி.வி. பாத்தவரு அப்படி ஓடுவாரா?"

ஓடி வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தபோது படம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாற்பது வருஷம் பெட்டியைத் திறந்து பார்த்தவனுக்குத் தெரியாதது, அதன் எதிரே உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

தட்சிணாமூர்த்தி நடந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. செயலாளர் கையிலிருந்து பேனாவை வாங்கி, பட்டியலில் தன் பெயரை அடித்தார். பிறகு மனைவியிடம் திரும்பி, இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"வீட்டுல நீங்க சொன்னா கேக்க நல்லா இருந்துச்சு. அதுக்குன்னு மேடையேறி சால்வை வாங்குவீங்களா?"

விழா நடந்தது, என் கையெழுத்து இல்லாமலே நடந்தது. நிலாவில் நடந்தவர்கள் அன்றைக்கு இரண்டு பேர், எங்கள் நகரில் அதை டி.வி.யில் பார்த்தவர்கள் பத்துப் பேர், பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள் நானும், என்னோடு இன்னும் பேசாத தட்சிணாமூர்த்தியும் மட்டுமே.