மெமரி பங்கு பிரித்த நாட்கள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரே பெரிய சர்வர். அதற்குள் டிபார்ட்மென்ட்டுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது சாப்ட்வேரிலேயே உருவாக்கிய கம்ப்யூட்டர்கள். எதற்கு எவ்வளவு மெமரி என்று பிரித்துக் கொடுப்பவள் நான். அப்போது அந்த மெஷின்களை ஓட்டும் சாப்ட்வேருக்கு எங்கள் லைசென்ஸ் மெமரி அளவை வைத்துத்தான். ஓடுகிற மெஷின்களுக்கு ஒதுக்கியதெல்லாம் சேர்ந்து, வாங்கிய அளவைத் தாண்டக் கூடாது. ஒருவருக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும். எல்லோரிடமும் கறாராக இருந்தேன். கஞ்சப் பிசினாரி என்று என் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள், முன்னாலும் சொல்லியிருக்கிறார்கள்.

டிசைன் பிரிவில் வாணியம்பாடிக்காரர் ஒருவர் இருந்தார். மாதம் ஒருமுறை அவருக்குப் போன் செய்வேன். "சார், உங்க மெஷின்ல நாலு ஜிபி எடுக்கணும்." போனிலேயே சரி என்று சொல்லியிருக்கலாம். மாடியிலிருந்து இறங்கி வருவார்.

"இன்னா மேடம், எப்பப் பாத்தாலும் என் தலையிலதான் கை வைக்கிறீங்க. நாலு ஜாஸ்தி. ரெண்டு எடுத்துக்குங்க."

"மூணு."

"சரி, மூணு. சாம்பிள் வேலை வந்தா திருப்பிக் குடுத்துடணும்."

மெஷினை நிறுத்தி, குறைத்து, மறுபடி ஓடவிட வேண்டும். அதுவரை சர்வர் ரூம் ஏசி குளிரில் கையைக் கட்டிக்கொண்டு தங்கையின் படிப்பு, பஸ் கூட்டம் என்று பேசிக்கொண்டிருப்பார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதி மாதங்களில் அவரிடம் எடுக்கவேண்டிய அவசியமே இல்லை. ஷிப்பிங் மெஷினில் சும்மா கிடந்ததை விட்டுவிட்டு அவரிடம் எடுத்தேன். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுத்தேன், மறுபடி எடுப்பதற்காக.

பிறகு லைசென்ஸ் முறை மாறியது. எத்தனை ப்ராசசர் என்பதுதான் இனி முக்கியம், மெமரி எவ்வளவு வேண்டுமானாலும் ஒதுக்கலாம். மேனேஜர் கூடுதல் மெமரி வாங்கியும் போட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டதைக் கொடுத்தேன். ஆபீஸே சந்தோஷப்பட்டது. எனக்கு வயிறு எரிந்தது.

மூன்று மாதம் அவரைக் கூப்பிட ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒரு மதியம் அவரே வந்து கதவைத் தட்டினார். உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"மேடம், இந்த மாசமும் என்கிட்ட எதுவும் கம்மி பண்ணலையா?"

அதுவரை கூசாமல் பொய் சொன்னவள், அன்று பார்த்து உண்மையைச் சொன்னேன்.

"இல்ல சார். இனிமே யார்கிட்டயும் எடுக்க வேணாம். தாராளமா இருக்கு."

"அப்படியா. நல்லது மேடம்" என்றார். திரும்பிப் போனார்.

அடுத்த வருஷம் ராணிப்பேட்டையில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அன்று அவர் மாடிப்படி ஏறி முடிக்கும்வரை செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டிருந்தால் அவர் காதில் விழுந்திருக்கும்.