இன்னொரு கைக்கு ஒரு வேலை

அப்பாவின் செபமாலையை அம்மா யாரோ ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாளாம். எனக்குப் போனில் சொன்னது சித்தி மகள். அவளுக்குச் சொன்னது, கோயில் பாடகர் குழுவில் அவள் பக்கத்தில் நிற்கிற பெண். அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், "ஊரே பேசுதுக்கா" என்கிறாள்.

"யாருக்குக் குடுத்தாங்களாம்?"

"அதான், பெரியம்மாவுக்கு ரத்தம் எடுக்க வருவாளே, ஊசி. அவளுக்குத்தான்."

நான் அப்போது அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். இந்த வெளிநாட்டில் எனக்கென்று ஒரு கோயில் உண்டென்றால் அது அந்த மாடிப்படிதான். எல்லாரும் லிஃப்டில் போவதால் ஆள் நடமாட்டம் இருக்காது. என் மதிய இடைவேளை அங்கே அம்மாவுக்கு மாலை நேரம். போனைக் காதில் வைத்துக்கொண்டு தினமும் செபமாலை சொல்வோம். ஒவ்வொரு செபத்திலும் அம்மா முதல் பாதி, நான் இரண்டாம் பாதி. கடல் தாண்டிப் போகிற குரலாயிற்றே, கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். நான் ஆமென் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அடுத்த 'அருள் நிறைந்த மரியே'யைத் தொடங்கியிருப்பாள். அவளைப் பிடிக்க ஓடி ஓடி, மாதாவின் முன்னால் நான் எப்போதும் மூச்சிரைத்துக்கொண்டுதான் போய் நிற்பேன்.

சில மாதங்களாக அந்தத் தாமதத்துக்குள் இன்னொரு குரல் விழத் தொடங்கியிருந்தது. முதலில் எதிரொலி என்று நினைத்தேன். எதிரொலி இருமுமா?

"யாரும்மா அது?"

"யாருமில்ல, ஊசிதான். நீ சொல்லு."

அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இம்மிகூடப் பிந்தாமல் என் பாதியை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறவள் 'யாருமில்ல'யாம். அன்றிலிருந்தே அவள்மேல் ஒரு எரிச்சல். இப்போது செபமாலையும் போய்விட்டது என்று கேட்டபோது அது இன்னும் ஏறியது. அப்பா கடைசி மூச்சு வரை கையில் வைத்திருந்த மாலை அது. அவர் விரல் பட்டுப் பட்டு அதன் மரமணிகள் கறுத்துப் போயிருந்தன. அது எனக்குத்தான் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயமா அது? பிள்ளை என்று நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

வருஷக் கடைசிக்கு வைத்திருந்த விடுப்பை முன்னால் இழுத்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மேலாளரிடம் சொன்னேன். அதில் பொய் இல்லை. இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து அம்மா ரத்தம் இளகுவதற்கு மாத்திரை சாப்பிடுகிறாள். இளகியது போதுமா, அதிகமா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்காக லேபிலிருந்து வீடு தேடி வருகிறவள்தான் ஊசி.

ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். லேபில் கேட்டால்கூட அடையாள அட்டையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். சின்ன வயதில் தாய் போய்விட, கன்னியர் நடத்திய போர்டிங்கில் வளர்ந்தவள். அவர்களுடைய மருத்துவமனையில் பாட்டில் கழுவப் போய், அப்படியே ரத்தம் எடுக்கப் பழகிக்கொண்டவள். புருஷன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறார், வந்தால் உண்டு. பிள்ளை இல்லை. ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு நீல ஐஸ் பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு விடிந்ததும் வெறும் வயிற்று ரத்தத்துக்கும், மத்தியானம் சாப்பிட்ட பின் ரத்தத்துக்குமாகத் தெருத் தெருவாகச் சுற்றுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குப் பூசை கிடைக்காது. மாலைப் பூசைக்கு வந்து பிரசங்கத்தில் தூங்குவாள். கேட்டால், "ஃபாதர் குரல் அப்படி" என்பாள்.

அந்த ஃபாதருக்கே சர்க்கரை பார்ப்பதும் அவள்தான். "ராத்திரி கேக் சாப்பிட்டீங்களா ஃபாதர்?" என்று இவள் கேட்க, அவர் "ஒரே ஒரு துண்டும்மா" என்றாராம். "என்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணி என்ன பிரயோஜனம்? நாளைக்கு ரிப்போர்ட் எல்லாத்தையும் சொல்லிடும்" என்றாளாம் இவள். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அம்மா. நான் வந்து இறங்கிப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, ஊசி புராணம் ஆரம்பமாகிவிட்டது. சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டோமே என்று என்மேலேயே எரிச்சலும் வந்தது.

மறுநாள் காலை அம்மா எனக்கு முன்னால் எழுந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். நேற்று நான் வரும்போது கலைந்த தலையோடுதான் கதவைத் திறந்தாள்.

மணி அடித்தது. வாசலில் செருப்பை உதறிவிட்டு ஊசி உள்ளே வந்தாள். கறுத்து, குட்டையாக, எதற்கும் சிரிக்கிற முகம். "அம்மா, வந்துட்டேன்!" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அக்காவா? போட்டோவுல இருக்கறதவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்கீங்க. நல்லா இருக்கு."

அம்மா சிரித்தாள். அவளை 'அம்மா' என்று கூப்பிட ஊரில் யாருக்கும் உரிமை உண்டு. எனக்கு அது தெரியாமல் இல்லை.

ஊசி கிளவுஸ் மாட்டுமுன் மேல்கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து அம்மாவின் வலது கையில் வைத்தாள். இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். முழங்கையின் மடிப்பில் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிட்டு, பஞ்சால் துடைத்து, நரம்போடு பேச ஆரம்பித்தாள். "எங்கடா ஒளிஞ்சிருக்கே? வா கண்ணு, வெளிய யாருமில்ல, நான்தான்." அவளுடைய போன் அடித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிளவுஸ் போட்டாச்சுன்னா கடவுளே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன் அக்கா. அவசரம்னா நேர்ல வந்து சொல்லட்டும்."

அம்மா கண்ணை மூடியிருந்தாள். ஊசி ஏறியபோது முகத்தில் ஒரு சுருக்கமில்லை. நேற்று என்னைக் கட்டிப்பிடித்தபோதுகூட அந்த முகம் இப்படி இளகவில்லை.

ஊதா மூடி போட்ட டியூபும் நீல மூடி போட்ட டியூபும் நிரம்பியதும் அம்மா வலது கையை விரித்தாள். உள்ளே இருந்தது அப்பாவின் செபமாலை. ஆனால் அது அப்பாவின் மாலை மாதிரியே இல்லை. மணிகளின் கறுப்பெல்லாம் போய், ஊறப்போட்ட பயறு மாதிரி வெளுத்திருந்தது. நான் பார்க்கப் பார்க்க, ஊசி அதை வாங்கி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு மணியாகத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டு மணியை அழுத்தினாள்.

நான் எங்கள் வாசலிலேயே நின்றேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் அங்கே நாற்காலியில் ஒரு கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் வேதம்கூட இல்லை. இன்னொரு கையில் என் அப்பாவின் மாலை. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தார்.

"உங்க சாமியை நீங்க கூப்பிடுங்க சார். என் சாமியை நான் கூப்பிடுறேன். யாராவது ஒருத்தர் நரம்பைக் காட்டட்டும்."

"உன் சாமிக்குத்தான் பழக்கமாயிடுச்சு. அதையே கூப்பிடு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அவள் வெளியே வந்ததும் படிக்கட்டில் மறித்தேன்.

"ஊசி, அந்த மாலை எங்க அப்பாவோடது."

"தெரியும்க்கா. அம்மா சொல்லித்தான் குடுத்தாங்க. ஊசி போடும்போது பயமே இன்னொரு கையாலதான் வருது. அது சும்மா இருந்தா இங்க வந்து பிடிக்கும், இல்ல என்னைத் தள்ளிவிடும். அதுக்கு ஒரு வேலை குடுக்கணும். முன்னாடி பஞ்சு உருண்டைய குடுப்பேன், பிச்சுப் போட்டுடுவாங்க. அம்மாதான், 'என்கிட்ட இருந்தா ஒரு கைதானே பிடிக்கும், நீ கொண்டு போ'ன்னாங்க."

"அதுல அப்பாவோட விரல் பட்ட கறுப்பு இருந்தது. நீ ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சுத் தொடைச்சு..."

அவள் சிரிப்பு போய்விட்டது. பைக்குள் கைவிட்டு மாலையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களையும் அவளே மடக்கிவிட்டாள். கொஞ்சம் முரண்டு பிடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"ரத்தம் குடுக்கறவங்க இனிமே எதைப் பிடிச்சுக்குவாங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

"வண்டிச் சாவியைக் குடுக்கறேன். மாதாவுக்கு என்ன, அதுக்குள்ளயும் வருவாங்க." பெட்டியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு சொல்லவா அக்கா? உங்க மேல எனக்கு ரொம்பப் பொறாமை."

"என் மேலயா?"

"அம்மா சொல்ற செபமாலையில முதல் பத்து மணி உங்க உடம்புக்கு. ரெண்டாவது உங்க வேலைக்கு. மூணாவது உங்க வீட்டுக்காரருக்கு. நாலாவது அய்யாவோட ஆத்துமாவுக்கு. அஞ்சாவதுதான் உலகத்துக்கு. சரி, உலகத்துல நானும் ஒருத்திதானேன்னு நினைச்சுக்கிட்டு பதில் சொல்லிட்டிருக்கேன். போர்டிங்கில எல்லாருக்கும் சேர்த்து ஒரே செபம். என் பேரைச் சொல்லி யாரும் எதையும் கேட்டதில்ல. அம்மாவாவது ஒருநாள் சொல்லுவாங்கன்னு பார்க்கறேன், ம்ஹூம். உங்க ஆபீஸ் மேனேஜருக்குக்கூட வேண்டிக்கறாங்க!"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தடதடவென்று இறங்கிப் போய்விட்டாள். திரும்பினால், எங்கள் வீட்டுக் கதவும் திறந்தேதான் இருந்தது. அம்மா நாற்காலியில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கையிலிருந்த மாலையைப் பார்த்தாள். "பத்திரமா வச்சுக்கோ" என்றாள்.

அன்று மாலை நான் அம்மாவின் கட்டிலில், அவள் முழங்கால் தொடுகிற தூரத்தில், அப்பாவின் மாலையோடு உட்கார்ந்தேன். தாமதம் கிடையாது. என் பாதி முழுசாக என்னுடையது. இனி ஊசி வர மாட்டாள் என்று நினைத்தேன். லேபிலிருந்து வீட்டுக்குப் போகிற வழி ஆயிற்றே, வந்துவிட்டாள். நிலைப்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள். முதல் பத்தில் நான் என் பாதியை 'புனித மரியே' என்று எடுத்தேன்; அவளும் எடுத்தாள். நான் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். அவளும் விடவில்லை.

அம்மா பாதியில் நிறுத்தினாள். "எதுக்கு ரெண்டு பேரும் இப்படிக் கத்துறீங்க? மாதாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

குரலைத் தணித்துக்கொண்டோம். முதல் பத்து முடிந்தது.

"ரெண்டாவது பத்து ஊசிக்காக" என்றாள் அம்மா.

"அம்மா, அது என் வேலைக்கு உள்ளது."

"வேலைதான் ஓடுதே."

அந்தப் பத்து முழுவதும் நிலைப்படிப் பக்கம் சத்தமே இல்லை. ஊசி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேறு ஆள் இல்லாததால், அவளுக்கான பத்து மணியையும் நான்தான் சொன்னேன். ஒன்று கவனித்தேன். மற்ற பத்துகளை அம்மா ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி சொல்வாள். இந்தப் பத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். எனக்கு ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. விமானம் ஏறும்வரை அதே நினைப்பு.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. மாலை என்னோடுதான் இருக்கிறது. மாடிப்படியில் அதைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போலப் பின்தங்கியே பதில் சொல்கிறேன். அந்தப் பக்கம் அவள் குரலும் நேரத்துக்கு விழுகிறது. ரெண்டாவது பத்தில் மட்டும் விழுவதில்லை. என் வேலைக்காக வேண்டிக்கொள்ள இப்போது ஆள் கிடையாது.

போன வாரம் அலுவலகத்தில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். என்னுடையதில் ஏதோ ஒரு எண் சரியில்லை. மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டுமாம். பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னார். அவர்கள் அப்படிச் சொல்கிற விதமே எனக்குப் பயம். அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம் 'சும்மா ஒரு டெஸ்ட்' என்று சொல்லிவிட்டு, வெறும் வயிற்றோடு லேபுக்கு வந்து வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் உள்ளே போய்விட்டார். கண்ணாடிக் கதவு வழியாக அந்த நாற்காலி தெரிகிறது. ஒரு கையை நீட்டி வைக்கத்தான் அதில் பலகை வைத்திருக்கிறார்கள். ரத்தம் எடுக்கிற பெண் அவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் கேட்கிறாள். நரம்பிடம் எதுவும் பேசவில்லை.

கோட்டுப் பைக்குள் மாலையைப் பிடித்திருக்கிறேன். மணிகளில் இன்னும் ஸ்பிரிட் வாசனை. பிடித்தால் போதுமென்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். யாராவது கையில் வைத்து விரலை மடக்கிவிட வேண்டும் போலிருக்கிறது.

போனை எடுத்து ஊசியின் எண்ணை அழுத்தினேன். அங்கே இப்போது மத்தியானம், சாப்பிட்ட பின் ரத்தம் எடுக்கிற நேரம். ஏதோ ஒரு வீட்டில் கிளவுஸ் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரு முழங்கையில் சிலுவை போட்டுவிட்டு, ஒளிந்துகொண்ட நரம்பைக் கொஞ்சிக்கொண்டிருப்பாள். இன்னொரு கையில் வண்டிச் சாவி இருக்கும். யாருடைய கையோ, கொடுத்துவைத்த கை.

உள்ளே என் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.