சந்தனம் வைத்த போன்

“இதுவும் டுபாக்கூர்” என்று மூன்றாவது சார்ஜரையும் பிடுங்கி மேசைமேல் எறிந்தார் சுப்பராயலு. செல்போன் கண் திறக்கவில்லை.

கடையில் போன் பழுது பார்க்கும் அமலா, எறிந்ததை எடுத்துச் சுருட்டி வைத்தாள். காலையிலிருந்து அவர் ஆரணியில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கரண்டு ஆபீஸ்காரன் திருடன், சார்ஜர் விற்றவன் மடையன். நாற்பது தறிக்குப் பட்டு நூல் கொடுத்து வேலை வாங்குகிற மனிதர். நெய்யத் தெரியாது, நெய்கிறவர்களைத் திட்டத் தெரியும். செல் வாங்கிய மாதமே வீட்டு போனை, “கதியத்தவன் வச்சிக்கிறது” என்று துண்டித்தார்.

அன்று மாலை ஆறு மணிக்குள் சென்னைக் கடைக்காரர் கூப்பிட்டு, கல்யாண சீசன் சேலைகளுக்கு நிறம் சொல்வதாகப் பேச்சு. எடுக்காவிட்டால் ஆர்டர் போட்டி வியாபாரி இராஜமாணிக்கத்துக்கு. கடைக்காரரின் நம்பரும் செத்த போனுக்குள்தான் இருந்தது.

அமலா போனைத் தலைகீழாக விளக்கருகே பிடித்தாள்.

“ஆயுத பூஜைக்குச் சந்தனம் வச்சீங்களா சார்?”

“வைக்காம? தறிக்கு வச்சேன், தராசுக்கு வச்சேன், இதுக்கும் வச்சேன்.”

“சார்ஜ் ஓட்டையிலயே அப்பிக்கீறீங்க. காஞ்சிப்போயி கல்லாட்டம் கீது. ஊறவச்சி மெதுவாத்தான் சுரண்டணும், நாளைக்கித் தரேன். அதுவரைக்கும் உங்க சிம்மை என் போன்ல போட்டுக்கினு இங்கயே உக்காருங்க. கால் வந்தா பேசுங்க.”

அவள் நீட்டிய போனைப் பார்த்தார். அவள் சந்தவாசல் பக்கத்துக் காலனியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் என்பது அவருக்குத் தெரியும். ஊரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி இந்த மாதிரிதான்.

“நீ காதுல வச்ச போன்ல நான் பேசணுமா?”

“பேஜார் பண்ணாதீங்க சார். மணி நாலாவுது.”

தன் செத்த போனைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்.

வீட்டில் மனைவி பூங்காவனத்திடமிருந்து சேலைக்குக் குஞ்சம் கட்டும் ஊசியை வாங்கி, ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். சந்தனம் உதிர்ந்தது. கூடவே உள்ளே இருந்த சின்னப் பின்னும் ஒடிந்து விழுந்தது.

“மட்டமான சரக்கு” என்றார்.

“எதிர்வூட்டுல செல் கீது. சிம்மை அதுல போட்டுப் பாருங்க.”

“அவன் வாசப்படிய நான் மிதிக்கணுமா? வாய மூடு.”

எதிர்வீட்டுக்காரர் அவரிடம் கூலிக்கு நெய்து, பிறகு சொந்தமாகத் தறி போட்டவர். அதற்கு மேல் அவர்மீது குற்றம் எதுவும் இல்லை. சுப்பராயலு நாற்காலியில் உட்கார்ந்து, செத்த போனை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு மணி அடிக்கும்வரை சுவரைப் பார்த்தார்.

மறுநாள் காலை பூங்காவனம் போனை அமலாவிடம் கொண்டுபோனாள். ஒடிந்த பின்னை மாற்றப் பதினொரு மணியாயிற்று. சார்ஜ் ஏறியது. சுப்பராயலு சென்னைக்குப் பேசினார். ஆர்டரை முந்தின நாளே இராஜமாணிக்கத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். மத்தியானம் மோர்க்குழம்பு சாப்பிட்டார். சாயங்காலம் நூல் வாங்க வந்தவரிடம், செல் ரிப்பேர் பண்ணுகிறவர்களுக்கு வேலையே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.