கிராம்பு மென்ற பேராசிரியர்

தூரத்துப் பல்கலைக்கழகமொன்றில் விரிவுரையாளர் வேலைக்கு என்னை நேர்முகம் கண்ட பேராசிரியர் எங்கள் ஊர்ப்பக்கத்தவர். வெள்ளைத் தாடி, ஓயாமல் கிராம்பு மெல்லும் வாய். என் ஆய்வேட்டை அவர் திறக்கவேயில்லை.

"கல்முனைக்குடியில வாப்பா ஊடு கட்டி வெச்சிருப்பாரே. அத உட்டுட்டு இங்க வந்து இருப்பீங்களா, மகள்?"

"ஓம் சேர், கட்டாயம் வருவன்."

என் பெயருக்கு நேரே 'வரமாட்டார்' என்று எழுதினார். மேசைக்கு இந்தப் பக்கமிருந்து தலைகீழாக வாசித்தேன்.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார்; மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குக் குடிவருவார். நான் வெளியே வந்ததும் பேராசிரியர் பின்னாலேயே வந்து வராந்தாவில் நிறுத்தினார்.

"ஊடு மெயின் ரோட்டுக்குக் கிட்டவா, மகள்? என்ட மகனுக்குப் பொண்ணு பார்க்கிறம்."

இன்றும் புரியாணியில் கிராம்பு கடிபட்டால், விருந்து வீடென்றும் பாராமல் துப்பிவிடுகிறேன்.