ளகரத்தைத் திருத்தியவன்

ஸ்டெல்லா அக்காவுடைய கணவரின் குரலை அழித்தவன் நான். அக்கா தன் கையாலேயே அழித்தார் என்பது உண்மைதான். அழிக்கச் சொன்னது நான்!

இதை அக்காவிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் அவரை அறியாதவர் என்ற ஒரே தைரியத்தில்.

கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழில் உதவிக் குறிப்புகள் உண்டு. யார் யாரோ கூலியில்லாமல் எழுதுகிறார்கள்; யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அவற்றில் எழுத்துப்பிழை திருத்துவது என் வழக்கம். தாம்பரத்தில் ரயிலேறி உட்கார்ந்ததும் மடிக்கணினியைத் திறந்துவிடுவேன். விடுபட்ட ஒற்று, இடம் மாறிய றகரம்... ஒன்று கண்ணில் பட்டால் போதும், உள்ளே ஒரு தினவு! அது தமிழ்ப் பற்றா? அடுத்தவர் தவற்றைப் பிடிக்கும் இன்பமா? இரண்டாவதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய கைப்பேசியில் இருப்பதைப் புதியதற்கு மாற்றித்தரும் செயலி ஒன்றின் குறிப்பு அப்படித்தான் அகப்பட்டது. எழுதியவருக்கு ழகரமும் ளகரமும் தகராறு. கீழே என்பதைக் 'கீளே' என்றும், வழிமுறையை 'வளிமுறை' என்றும் எழுதியிருந்தார். மடமடவென்று மாற்றிக்கொண்டே வந்தேன். 'அடுத்து, பழைய கோப்புறையை அளிக்கவும்' என்று ஒரு வரி. செயலியிடம் கொடுக்கவும் என்ற பொருளில், அதை மட்டும் அவர் சரியாகவே எழுதியிருந்தார்.

நான் வாக்கியத்தைப் படிக்கவே இல்லை. எழுத்தை மட்டும் பார்த்தேன். 'அழிக்கவும்' என்று ஆக்கினேன். காரணம் கேட்கும் கட்டத்தில் 'எழுத்துப்பிழை திருத்தம்' என்று போட்டு அனுப்பினேன். யாரும் சரிபார்க்காமலே ஏற்றுக்கொண்டார்கள். என் மேல் அங்கே அவ்வளவு நம்பிக்கை!

கீழ்க்கட்டளையில், எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் ஸ்டெல்லா அக்கா. தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு துணிக்கடையில் வேலை. கணவர் இறந்த பிறகுதான் இங்கே வந்தார். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையாம். இடைவேளையில் மனைவியிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் கைப்பேசியில் பேசிப் பதிந்து வைப்பாராம்.

அந்தக் கைப்பேசி பழுதாகத் தொடங்கியதும் அக்கா என்னிடம் வழி கேட்டார். நான்தான் அந்தச் செயலியைச் சொன்னேன். "தமிழ்லயே எல்லாம் போட்டிருக்குக்கா, ரொம்ப ஈஸி" என்றேன். பெருமையாக!

ஒரு ஞாயிறு மதியம் அக்கா அழைத்தார். நான் தாம்பரம் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா தம்பி இது, பழைய ஃபோல்டரை அழிக்கச் சொல்லுது? இன்னும் காப்பியே ஆகலையே?"

"அதுல என்ன போட்டிருக்கோ அப்படியே செய்யுங்கக்கா. வண்டி வந்துடுச்சு."

அப்படியே செய்தார். செயலி வெறுமையை நகலெடுத்துவிட்டு, 'வெற்றிகரமாக முடிந்தது' என்றதாம்.

வீடு திரும்பியபோது அக்கா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே குறிப்பைத் திறந்தேன். 'அழிக்கவும்'. அந்த ழகரம் நான் வைத்தது.

"இத எழுதுனவன் நல்லா இருப்பானா தம்பி?"

"அரைகுறையா எழுதிப் போட்டுடுறாங்கக்கா."

ஆம்... சரியாக எழுதியவர் மேலேயே பழியைப் போட்டேன்! அன்றே ளகரத்தைப் பழையபடி வைத்தேன். காரணம்? மறுபடியும் 'எழுத்துப்பிழை திருத்தம்'.

அழிந்த பதிவுகளை மீட்கப் பார்த்தேன். சில கிடைத்தன, ஒவ்வொன்றிலும் தொடக்கம் மட்டும். இயந்திரங்களின் இரைச்சல். ஒரு செருமல். பேசுவதற்காக ஒரு மனிதர் மூச்சை உள்ளே இழுக்கிறார்... அத்தோடு அறுந்துவிடுகிறது. எல்லாமே அப்படி!

அவற்றை ஏன் அக்காவிடம் கொடுத்தேன்? வெறுங்கையோடு அவர் முன்னால் நிற்க முடியவில்லை.

கடையிலிருந்து வந்ததும் அக்கா அவற்றைப் போடுகிறார். கீழே எனக்குக் கேட்கிறது. செருமல், மூச்சு, அமைதி. செருமல், மூச்சு, அமைதி. இறந்துபோன ஒருவர் பேச வாயெடுத்துக்கொண்டே இருக்கிறார். சோற்றைப் பிசையும் என் கை அவருக்காகக் காத்து நின்றுவிடுகிறது.

ஒரு மாலை அக்கா என்னை மேலே கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டார்.

"மூச்சுக்கு அப்புறம் பேசுறாரு தம்பி. கேக்குதா?"

எனக்கு எதுவும் கேட்கவில்லை. "கேக்குதுக்கா" என்றேன்.

"இன்னா சொல்றாரு?"

என்ன சொல்வேன்! "சாப்டியான்னு கேக்குறாருக்கா."

அக்காவின் முகம் மலர்ந்ததே... அதை யாரும் பார்த்திருக்கக் கூடாது.

அன்றிலிருந்து அடிக்கடி கூப்பிடுகிறார். நானும் சொல்கிறேன். குடை எடுத்துக்கோ என்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைக்கு மீன் வாங்கு என்கிறாராம். எனக்குத் தோன்றியதையெல்லாம் ஓர் இறந்த மனிதரின் வாயில் வைக்கிறேன்! எந்த உரிமையில்?

போன வாரம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா கையமர்த்தினார். மீண்டும் போட்டார். கைப்பேசியைக் காதோடு அழுத்திக் கேட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வியப்புதான் இருந்தது.

"அது இல்ல தம்பி. உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு. உன்னை இன்னாவோ கேக்குறாரு... பதில் சொல்லு."

கைப்பேசியை என் முகத்தருகே நீட்டினார். செருமல். மூச்சு. பிறகு அமைதி.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் மூச்சை உள்ளே இழுத்தேன்... அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை.