கத்தரிக்கோல் மேல் ஒரு பெயர்

பல் செட்டை இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாகத் திருப்பி வைக்கிறார். ஜன்னல் வெளிச்சம் கடைவாய்ப் பல்லில் விழ வேண்டும். விழுந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கைப்பேசியில் ஒரு படம். பிறகு நாற்காலியில் சாய்ந்து, கட்டைவிரலால் திரையைத் தடவி, அந்தப் பல் செட்டின் மேல் தம் பெயரை வைக்கிறார். தலைப்பெழுத்தோடு முழுப் பெயர். கடைசி எழுத்திலிருந்து புறப்படும் வால் ஒன்று முன்பற்களைத் தாண்டி ஈறு வரைக்கும் போகிறது.

பேருந்துக் கழகத்தில் தொலைந்த பொருள் பிரிவின் பொறுப்பாளர் அவர். பயணிகள் வண்டியில் விட்டுப் போவதையெல்லாம் நடத்துநர்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து, அச்சிட்டு, வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். தேடி வருகிறவர் பார்த்து, அடையாளம் சொன்னால், எடுத்துக் கொடுக்க வேண்டும். அறுபது நாளில் யாரும் கேட்காவிட்டால் ஏலம். முன்பு இந்த நாற்காலியில் இருந்தவர் குடையைக் குடையாகவே எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர். இவர் கலைஞர். ஒற்றைச் செருப்பைக்கூடப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல் ஜோடித்துத்தான் எடுப்பார். அலுவலகத்தில் அவருக்கு 'முத்திரையார்' என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். அவர் அதை விருதாக வாங்கிக்கொண்டார், வைத்தவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

ஆரம்பத்தில் அந்தப் பெயர் படத்தின் மூலையில், இருக்கிற இடம் தெரியாமல்தான் இருந்தது. அதைக் கிளப்பிவிட்ட புண்ணியவான் அவருடைய மைத்துனர். பணிமனைக்கு மேலே திரண்ட மேகத்தை முத்திரையார் ஒரு நாள் எடுத்துக் குடும்பக் குழுவில் போட, மைத்துனர் மூலையை நறுக்கிவிட்டுத் தாம் எடுத்த மேகமாக ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார். நூற்றுப் பன்னிரண்டு பேர் பாராட்டியிருந்தார்கள். "மச்சான், மேகம் என்ன உங்க அப்பா வீட்டுதா?" என்று வேறு கேட்டார். அந்தக் கேள்வி முத்திரையாருக்கு முள்ளாகத் தைத்தது. மறுநாளே பெயர் மூலையை விட்டுப் புறப்பட்டுப் படத்தின் நடுவுக்கு வந்து உட்கார்ந்தது. நடுவில் இருப்பதை எவனால் நறுக்க முடியும்?

வீட்டிலும் இதே கதைதான். "துணி துவைக்கிற மெஷின்ல ஏதோ நம்பர் மின்னுது, மெக்கானிக்குக்கு ஒரு போட்டோ அனுப்புங்கன்னேன்," என்று அவர் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி ஆற்றிக்கொள்கிறார். "அவன் போன் பண்ணி, 'அக்கா, என்ன நம்பருன்னே தெரியலையே'ங்கறான். நம்பர் மேல இவரு பேரு காலை நீட்டிப் படுத்திருக்கு!"

"அவன் நாலு பேருக்கு அனுப்புவான். எடுத்தது யாருன்னு தெரிய வேண்டாமா?" என்பது முத்திரையாரின் பதில்.

இவ்வளவு ஆசையாகப் பெயர் போடுகிற மனிதர், உண்மையிலேயே கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலகப் பதிவேட்டில் 'பொறுப்பு அலுவலர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே அவர் பேனா எறும்பு செத்துக் கிடப்பதுபோல் ஒரு கீற்றை வைத்துவிட்டு ஓடிவிடும். அது யாருடையது என்று நீதிமன்றத்தில்கூட நிரூபிக்க முடியாது. "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நம்ம தலைதானே உருளும்?" என்பார். இருபத்தாறு ஆண்டு வேலையில் அந்தத் தலை ஒரு தடவைகூட உருண்டதில்லை.

அவர் வந்தபின் ஒரு விசேஷம் நடந்தது. பொருள்களைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். அலமாரி நிரம்பி, குடைகள் மேஜைக்கடியில் குடியேறின. முத்திரையாரிடம் இதற்கும் விளக்கம் இருந்தது. "ஜனங்களுக்கு இப்பல்லாம் பொருள் மேல பாசமே இல்ல. தொலைஞ்சா அடுத்ததை வாங்கிக்கறாங்க."

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு தையல் கத்தரிக்கோல் வந்தது. கனமான, பழைய கத்தரி. பிடியில் நீலத்துணி சுற்றியிருந்தது. துணி அழுக்காக இருந்ததால் பிடியை மங்கலாக்கி, அலகை மட்டும் பளபளக்க எடுத்தார். அலகில் யாரோ கன்னாபின்னாவென்று கீறி வைத்திருந்தது கண்ணை உறுத்தியது. கவலை என்ன? அந்தக் கீறல் மேலேயே தம் பெயரை வைத்து மறைத்துவிட்டார். படம் பிரமாதமாக அமைந்தது. அதை மனைவிக்கும் அனுப்பினார்.

அதன் அறுபதாவது நாள் வந்தது. ஏலப் பட்டியலில் காலையிலேயே மேலாளர் கையெழுத்தாகி, சாமான்கள் மேஜையில் குவிந்து கிடந்தன. மதிய வண்டியில் ஏற்ற வேண்டும். அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா. இடது கட்டைவிரலில் கட்டு.

"ஐயோ, அதோ கிடக்கு என் கத்தரி!"

முத்திரையார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அறுபது நாளா வாசல்ல படம் தொங்குதேம்மா. பார்க்கலையா?"

"மூணு தடவை வந்து கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேண்ணே. ஒரு கத்தரி இருந்துச்சு. ஆனா அதுலதான் வேற யாரோ பேரு போட்டிருந்துச்சே? எங்க வீட்டுக்காரரு ஆணியால என் பேரைக் கீறிக் குடுத்திருந்தாரு, அதே இடத்துல. சரி, இது அந்த ஆளோடதுன்னு போயிட்டேன்."

"எந்த ஆளு?"

"அதாண்ணே, பலகை பூரா பேரு இருக்கே, அவரு. குடை, பை, ஊன்றுகோல், பல் செட்டுன்னு எல்லாமே அவருதுதான். ஒரு மனுஷன் இவ்வளவா தொலைப்பாரு? பாவம், வீட்டுல பார்த்துக்க ஆளில்லையோ என்னமோ."

பக்கத்து மேஜைக்காரர் சட்டென்று குனிந்து எதையோ தேடினார். அவர் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

முத்திரையார் கத்தரியை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். கன்னாபின்னா என்று நினைத்த கீறல் எழுத்து எழுத்தாக எழுந்து வந்தது. ஒரு பெண்ணின் பெயர். பக்கத்தில் கோணலாக ஒரு பூ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு அந்தப் பூசணிக்காயே கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. அவருக்கு முகம் சிவந்துவிட்டது, வெட்கத்தால்தான்.

நிஜமாகவே உன்னுடையதுதானா என்று கேட்பது விதி. கேட்டார். அந்தப் பெண் ஒரு பழைய காகிதத்தை வாங்கி, கத்தரியை இடது கையில் பிடித்து, வகிடு எடுத்ததுபோல் நேராக வெட்டிக் காட்டினார். முத்திரையார் வலது கையில் வாங்கிப் பார்த்தார். காகிதம் கசங்கியதே தவிர வெட்டுப்படவில்லை.

"இது இடக்கைக் கத்தரிண்ணே. லேசுல கிடைக்காது. ரெண்டு மாசமா இரவல் கத்தரியை வச்சு மல்லாடுறேன். துணி கோணிப்போகுது, விரலு பொத்துப்போச்சு. நாலு பேரு இனிமே எங்கிட்ட துணி தைக்கக் குடுக்கமாட்டேன்னுட்டாங்க."

பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்தார். சிரிப்பு போயிருந்தது. "சார், இங்க வாங்க," என்று குரலைத் தாழ்த்தினார். "பட்டியல்ல ஏறியாச்சு. எடுக்கணும்னா காரணம் எழுதி நீங்க கையெழுத்துப் போடணும். மேலே கேள்வி வரும். பேசாம இருங்க. வேணும்னா அந்தம்மா ஏலத்துல வந்து எடுத்துக்கட்டும்."

அந்தப் பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது. "ஏலத்துல எனக்கேதான் கிடைக்குமாண்ணே?"

வெளியே சாமான் ஏற்றும் வண்டி பின்னுக்கு வந்து நின்றது.

முத்திரையார் பதிவேட்டைத் திறந்தார். 'நீக்கக் காரணம்' என்ற கட்டத்தில் 'பயணி தாமதமாக வந்ததால்' என்று எழுதினார். எழுதியதைப் பார்த்தார். ஒருவருக்கும் சேதமில்லாத, அழகான வாக்கியம். இருபத்தாறு ஆண்டு அனுபவம் எழுதிய வாக்கியம். அந்தப் பெண் கட்டுப்போட்ட விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, வண்டியையும் கத்தரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரையார் அந்த வாக்கியத்தைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தார்.

'பொருளின் மேலிருந்த உரிமையாளர் பெயரைப் படத்தில் மறைத்தது என் தவறு' என்று கீழே எழுதினார்.

"சார், எறும்பை மட்டும் வச்சிட்டு விடுங்க," என்றார் பக்கத்து மேஜைக்காரர். பதற்றம் அவருக்குத்தான்.

முத்திரையார் பேனாவை ஒரு முறை உதறிக்கொண்டார். பொறுப்பு அலுவலர் கட்டத்தில், தலைப்பெழுத்தோடு, பலகையில் இருக்கிற அதே முழுப் பெயரை நிதானமாக எழுதி, கடைசி எழுத்திலிருந்து வாலை இழுத்தார். அது கட்டத்தைத் தாண்டி, ஓரக் கோட்டையும் தாண்டி, தாளின் விளிம்பில் போய் நின்றது.